ரசம் நுரை கட்டும்போது அடிக்கிற போன்: எங்கள் சமையலறையில் மூன்று மாத கிளவுட் பிஏபிஎக்ஸ்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு கிளவுட் பிஏபிஎக்ஸ் போட்டு மூன்று மாதம் ஆகிறது. பிஏபிஎக்ஸ் என்றால் வருகிற அழைப்பை உள்ளே இருக்கிற பல போன்களுக்குப் பிரித்துவிடுகிற ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச், கிளவுட் என்றால் அது நம் சுவரில் இல்லாமல் இணையத்தின் வழியாக மாத வாடகைக்கு வருவது. சமையலறைக்கு எதற்கு பிஏபிஎக்ஸ் என்று சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், என் மனைவியும் அப்படித்தான் சிரித்தாள். மதியச் சாப்பாடு கட்டிக்கொடுக்கிற வீடு எங்களுடையது. திங்கள் முதல் வெள்ளி வரை நாற்பது, நாற்பத்தைந்து சாப்பாடு, வெள்ளிக்கிழமை சைவம் மட்டும், தீபாவளி நெருங்கினால் முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை. சமைப்பது அவள். பாசாருக்குப் போவது, வேனில் கொண்டுபோய்க் கொடுப்பது, கணக்குப் பார்ப்பது நான். அதற்கு முன்னால் இருபத்தாறு வருடம் கோலாலம்பூரில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி போன் சிஸ்டம் மாட்டிக்கொடுத்தது என் பிழைப்பு. அதனால் இந்த விமர்சனத்தில் பாதி சமையல், பாதி பழைய தொழிலாளியின் புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். சேவையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எனக்கு விற்ற தம்பி நல்ல பையன், அவன் பிழைப்பில் மண்ணைப் போட மனமில்லை.

முன்பு எங்களிடம் இருந்தது என் மனைவியின் கைபேசி ஒன்று, வீட்டு 03 எண் ஒன்று, அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் ஆர்டர் அனுப்புகிறவர்களால் தொல்லையே இல்லை, மூன்று சாப்பாடு, ஒரு மீன், காரம் குறைவு என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களுக்குப் பேசினால்தான் அது ஆர்டர். இன்றைக்கு என்ன மீன், தெங்கிரியா, துண்டு பெரிசா, போன வாரம் கூட்டில் உப்பு தூக்கலா இருந்ததே, பொண்ணு எப்படி இருக்கா, இவ்வளவும் ஆன பிறகுதான் எத்தனை சாப்பாடு என்ற பேச்சே வரும். காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை மணி ஓயாது. சமையலும் உச்சத்தில் இருப்பது அதே நேரத்தில்தான்.

ரசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் புளியைக் கரைத்து, தக்காளியைக் கையாலேயே பிசைந்து விட்டு, மஞ்சள் தூளும் உப்பும் போட்டுப் பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிடுவாள். அது வரைக்கும் அவசரமில்லை, போன் எடுக்கலாம், பக்கத்து அடுப்பில் கோழியைக் கிளறலாம். அப்புறம் உரலில் ஒன்றிரண்டாக நசுக்கிய மிளகு, சீரகம், தோலோடு தட்டிய பூண்டு, பருப்புத் தண்ணீர். இவை உள்ளே போனதும் ஆட்டம் மாறிவிடுகிறது. இனிமேல் அது கொதிக்கவே கூடாது. முதலில் அண்டாவின் ஓரத்தில் வெளிர் மஞ்சளாக நுரை கட்டும், மெதுவாக உள்பக்கம் நகரும், நடுவில் ஒரு ரிங்கிட் நோட்டு அளவுக்கு இடம் மட்டும் நுரையில்லாமல் தெரியும். அந்த இடமும் மூடுகிற நேரம் அடுப்பை அணைக்க வேண்டும். விட்டால் நுரை உடைந்து தளதளவென்று கொதித்துவிடும், மிளகின் வாசம் கூரைக்குப் போய்விடும், ரசத்தில் ஒரு கசப்பு இறங்கிவிடும், நாற்பது பேருக்கும் அதைத்தான் ஊற்ற வேண்டும்.

போன் அடிப்பது சரியாக அப்போதுதான். இந்த நாட்டில் மணி இரண்டிரண்டாக அடிக்கும், ட்ரிங்-ட்ரிங், இரண்டு விநாடி அமைதி, மறுபடி ட்ரிங்-ட்ரிங். வெள்ளைக்காரன் விட்டுப்போன தாளம், ஒரு சுற்றுக்கு மூன்று விநாடி. நுரை கட்டத் தொடங்கியதிலிருந்து மூடும்வரை எட்டு ஒன்பது சுற்று ஆகும் என்று நானே நின்று எண்ணியிருக்கிறேன். ஆறாவது சுற்றிலேயே பாதிப் பேர் வைத்துவிடுவார்கள். அவள் கையில் அந்த நேரத்தில் மீன் மசாலா இருக்கும், கைபேசியின் திரை மசாலா விரலை விரலாகவே மதிக்காது. முழங்கையால் தேய்ப்பாள். பக்கத்தில் நான் இல்லாவிட்டால் அந்த ஆர்டர் போச்சு. எங்கே போச்சு என்றும் தெரியும், இரண்டு தெரு தள்ளி இன்னொரு அக்கா சாப்பாடு கட்டுகிறார், நன்றாகவே சமைப்பார்.

ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் பிறந்ததே இந்த மாதிரி வயிற்றெரிச்சலில்தான். அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்று ஒருவர், பிணம் அடக்கம் செய்கிற தொழில். ஊர் எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண் தன்னைத் தேடி வருகிற அழைப்பையெல்லாம் போட்டிக்காரனுக்குத் திருப்பிவிடுகிறாள் என்று அவருக்குச் சந்தேகம், அவள் அந்தப் போட்டிக்காரனின் மனைவி என்றும் ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு தூரம் நிஜமோ, மனிதர் ஆப்பரேட்டரே வேண்டாத எக்ஸ்சேஞ்சுக்கு 1891இல் காப்புரிமை வாங்கிவிட்டார், அடுத்த வருடமே இண்டியானாவில் லா போர்ட் என்ற ஊரில் அது ஓடத் தொடங்கியது. நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் எங்கள் போர்மன் இதைச் சொல்லிவிட்டு, பிணத்துக்குப் போன ஆர்டர்டா தம்பி, நம்ம சோறு என்பார்.

சரி, சேவைக்கு வருவோம். மூன்று எக்ஸ்டென்ஷன், அதாவது உள் இணைப்பு, மாதம் 78 வெள்ளி (ரிங்கிட்), பன்னிரண்டு மாத ஒப்பந்தம். மேசை ஐபி போன் ஒன்று, கம்பியில்லாத கைப்போன் ஒன்று, என் கைபேசியில் ஒரு ஆப். கருவிகளுக்குத் தனிக் காசு. எண் என்று 015இல் தொடங்கும் ஒன்றைத் தந்தார்கள், நான் வேண்டாம் என்றேன். எங்கள் பழைய 03 எண் இருநூறு வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தில் ஒட்டியிருக்கிறது, வாழை இலைப் படம் போட்டு நாங்களே அச்சடித்துக் கொடுத்தது. தெரியாத 015 எண்ணிலிருந்து நாங்கள் திருப்பி அழைத்தால் மக்காவ் ஸ்கேம் என்கிற போன் மோசடி என்று நினைத்து யாரும் எடுக்கவும் மாட்டார்கள். ஆகவே பழைய லைனை, கம்பி லைனையும் இணையப் போனையும் இணைக்கிற ஒரு சின்ன கேட்வே பெட்டியில் சொருகி அதன் வழியாக உள்ளே கொண்டுவந்தேன். தம்பிக்கு அந்தப் பெட்டியை எப்படி அமைப்பது என்று தெரியவில்லை, நான்தான் உட்கார்ந்து செய்தேன். அந்தப் பக்கம் போனை வைத்த பிறகும் லைனைப் பிடித்துக்கொண்டே இருந்தது அது, எதிரில் வைத்ததும் லைனில் வருகிற நம்ம ஊர் டிஸ்கனெக்ட் டோனைப் பதிந்து கொடுத்த பிறகுதான் விட்டது. தொழில் தெரியாதவர்கள் இந்த வழிக்குப் போக வேண்டாம்.

முதல் நாள் நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்டது, அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை. ஹலோ ஹலோ என்று கத்திக் கத்தி, போன் எடுக்கிற அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, தொண்டை கட்டிவிட்டது. சப்போர்ட்டை அழைத்தால் மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்றார்கள். மறுநாள் வேறொருவர், அவரும் மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்றார். மூன்று புகார், நான்கு நாள். கடைசியில் ரௌட்டருக்குள் நானே நுழைந்து பார்த்தால் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒன்று, இணைய அழைப்பில் இருக்கிற முகவரியைத் தானே திருத்துகிற அமைப்பு, வாங்கிய நாளிலிருந்தே ஆன் ஆகி இருக்கிறது. உதவி செய்வதற்காக வைத்தது, செய்வது உபத்திரவம். கொண்டோமினியம் வாசலில் காவலாளி இருக்கிறார் இல்லையா, அவர் நம் சாப்பாட்டுப் பொட்டலத்தின் மேல் எழுதிய வீட்டு எண்ணைப் பார்த்து, தப்பாக எழுதியிருக்கிறார்கள் போல என்று தானே ஒரு எண்ணை எழுதி அனுப்பினால் எப்படி இருக்கும், அதே கதை. அழைப்பு வருகிறது, மணி அடிக்கிறது, குரல் மட்டும் வேறு வீட்டுக்குப் போகிறது. அணைத்தேன், குரல் வந்துவிட்டது. வீட்டில் கிளவுட் போன் போடுகிற யாராக இருந்தாலும் மோடத்தைக் குறை சொல்வதற்கு முன் இதை ஒருமுறை பாருங்கள்.

இரண்டாவது வாரத்துச் சங்கதி எனக்கே புதிது. பழைய வாடிக்கையாளர்களில் சிலர் அழைத்துவிட்டு நாங்கள் எடுக்கும் முன்பே வைத்துவிடுகிறார்கள் என்று சிஸ்டத்தின் அழைப்பு அறிக்கையில் தெரிந்தது, பன்னிரண்டு விநாடி, பதினைந்து விநாடியில். ஜாலான் ஈப்போ பக்கத்து அம்மா ஒருவரைச் சாப்பாடு கொடுக்கப் போனபோது கேட்டேன். அவர் சொன்னார், தம்பி, உங்க போன் வெளிநாட்டுக்குப் போகுது, அங்க ஒரு மாதிரி நீளமா அடிக்குது, காசு ஏறிடுமேன்னு வச்சிட்டேன். வேன் பக்கத்திலேயே நின்று அவர் போனிலிருந்து அழைத்துப் பார்த்தேன். டூ... என்று இரண்டு விநாடி, நான்கு விநாடி மௌனம், மறுபடி ஒற்றை டூ. அமெரிக்க மணி! சிஸ்டம் முதலில் அழைப்பை எடுத்து வரவேற்பு சொல்லிவிடுகிறது, அதற்குப் பிறகு கேட்கிற மணி சிஸ்டமே உண்டாக்குவது, அதற்கு எந்த நாட்டு மணி என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதனால் பிறந்த நாட்டு மணியையே அடித்துக்கொண்டிருக்கிறது. இதைச் சரிசெய்ய ஒரே ஒரு அமைப்பு, நாட்டை மலேசியா என்று மாற்ற வேண்டும். அதற்கு சப்போர்ட்டில் மூன்று பேருக்கு விளக்கினேன். மூன்றாவது ஆள் இங்கே பினாங்குக்காரப் பையன், அவனுக்கு மட்டும் புரிந்தது, அதுவும் நான் வாயால் இரண்டு மணியையும் அடித்துக்காட்டிய பிறகு.

இந்த இடத்தில் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். நான் மாட்டிய காலத்தில் சின்ன ஆபீஸ் என்றால் பானசோனிக் கேஎக்ஸ்-டிஇஎஸ்824. மூன்று லைன், எட்டு எக்ஸ்டென்ஷன், அட்டை சேர்த்தால் எட்டு லைன், இருபத்துநான்கு எக்ஸ்டென்ஷன். ஆப்பரேட்டர் மேசையில் டி7730 போன், புரோகிராம் பட்டன், நட்சத்திரம், ஹாஷ், அப்புறம் 1234. பாஸ்வேர்டை யாருமே மாற்றமாட்டார்கள். செட்டியார் நகைக்கடையிலிருந்து லாரி கம்பெனிவரை கோலாலம்பூரில் பாதி ஊரின் போனை நான் அந்த 1234இல் திறந்திருப்பேன். இடி விழுந்தால் அட்டையை மாற்றுவோம், எலி கடித்தால் கம்பியை மாற்றுவோம், புது வயர் வேண்டுமென்றால் ஜாலான் பாசார் கடைகளில் சுருள் சுருளாகக் கிடைக்கும், கம்பியைப் பொருத்துகிற க்ரோன் டூலால் டக் டக்கென்று குத்தினால் வேலை முடிந்தது. அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும். இப்போது பெட்டியே கிடையாது, எங்கேயோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறது, எந்த நாட்டில் என்று விற்றவனுக்கும் தெரியாது.

தயாரித்த கம்பெனிகளின் கதியும் அதுதான். நார்டெல் 2009இல் திவால், அதன் ஆபீஸ் போன் பிரிவை 90 கோடி டாலர் கொடுத்து வாங்கியது அவாயா. அந்த அவாயாவே 2017இல் ஒருமுறை, 2023இல் இன்னொரு முறை திவால் நீதிமன்றம் ஏறி இறங்கியது. சீமென்ஸ் போன் பிரிவு யூனிஃபை என்று பெயர் மாறி, அட்டோஸ் கைக்குப் போய், 2023இல் மைட்டெல் கைக்கு வந்தது, மைட்டெல் 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கேட்டது. பானசோனிக் பிஏபிஎக்ஸ் செய்வதையே நிறுத்திவிட்டது. அண்டா கைமாறிக்கொண்டே இருக்கிறது, உள்ளே குழம்பு என்னவோ அதேதான், ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். 1999இல் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர் பிஏபிஎக்ஸ் வாங்கக் காசில்லாமல் கம்ப்யூட்டரிலேயே ஒன்றை எழுதி, ஆஸ்டெரிஸ்க் என்று பெயர் வைத்து, இலவசமாக வெளியே விட்டார். அன்றைக்கே எங்கள் பெட்டிக்கு நாள் குறித்தாகிவிட்டது, எங்களுக்கு அது உறைக்கப் பத்து வருடம் ஆயிற்று. ரெசிப்பியை ஊருக்கே எழுதிக்கொடுத்துவிட்டால் மசாலாப் பொட்டலம் விற்கிறவன் என்ன செய்வான்? மாதாமாதம் சமைத்துக் கொடுக்கிறேன் என்று வருவான். கிளவுட் என்பது அந்த மாதச் சாப்பாடு, நாங்கள் செய்கிற அதே தொழில். இதைச் சொன்னபோது என் மனைவி, ஆனா நம்ம சாப்பாடு நல்லா இல்லைன்னா நாளைக்கே நிறுத்திக்கலாம், பன்னிரண்டு மாசம் கட்டிப் போடறதில்லையே என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

திட்டியது போதும், நல்லதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நான் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.

ரிங் குரூப் என்று ஒரு வசதி. முதலில் மேசை போன் அடிக்கும், நான்கு சுற்றில் எடுக்காவிட்டால் சமையலறைக் கைப்போனும் வேனில் இருக்கும் என் கைபேசியும் சேர்ந்து அடிக்கும். மேசை போனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது என் மாமியார், எழுபத்தெட்டு வயது. மாமா ஜபாத்தான் தெலிகோமில் லைன்மேனாக இருந்தவர், 1987இல் அது கம்பெனியாக மாறிய பிறகும் வீட்டில் ஜபாத்தான் என்றுதான் சொல்வார். அத்தைக்கு போன் மரியாதை ரத்தத்தில் ஊறியது. மூன்றாவது மணிக்குள் எடுக்க வேண்டும், எடுத்ததும் வீட்டுப் பெயரைச் சொல்ல வேண்டும், எதிரில் இருப்பவர் வைத்த பிறகுதான் வைக்க வேண்டும். கைபேசியில் இதெல்லாம் முடியாது, அது வழுக்குகிறது என்பார். மேசை போனின் கனமான ரிசீவரைக் கையில் கொடுத்ததும் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் 555 நோட்டு, நூல் கட்டிய பேனா. அழைப்பவரின் பெயர் திரையில் தமிழில் வராது, கட்டம் கட்டமாக வந்தது, அதனால் பெயரையெல்லாம் ஆங்கில எழுத்தில் பதிந்து வைத்தேன். சமையலறையில் என் மனைவி போன் எடுக்கத் தேவையே இல்லாமல் போனது இந்த மூன்று மாதத்தின் பெரிய லாபம். சப்போர்ட், ரௌட்டர், அமெரிக்க மணி எல்லாவற்றையும் இதற்காக மன்னிக்கலாம்.

அடுத்தது ரெக்கார்டிங். இதைக் காசுக்கு எடுக்க வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். இரண்டாவது மாதம் ஒரு வளைகாப்புக்கு வடை ஆர்டர். அத்தை நோட்டில் ஐம்பது என்று எழுதியிருக்கிறார். கொண்டுபோய் இறக்கினால் எண்பது சொன்னோமே என்கிறார்கள். உளுந்து ஊறாமல் வடைக்கு எங்கே போவது, மீதி முப்பதுக்குப் பதில் கடலை மாவைக் கரைத்து வெங்காய பஜ்ஜி போட்டு, நான் மறுபடி ஓட்டம். ராத்திரி உட்கார்ந்து ரெக்கார்டிங்கைக் கேட்டோம். ஐந்து முறை கேட்டும் அது ஐம்பதா எண்பதா என்று எங்கள் மூன்று பேருக்கும் ஒத்துப்போகவில்லை. தமிழில் இந்த இரண்டும் போனில் இரட்டைப் பிள்ளைகள், முதல் எழுத்து தேய்ந்தால் மீதி ஒன்றே.

ஏன் தேய்கிறது என்று பார்த்தேன். கோடெக் என்றால் குரலை இணையத்தில் அனுப்புவதற்கு மாற்றுகிற முறை, சேவை எங்களுக்கு ஜி.729 கோடெக் போட்டு வைத்திருக்கிறது. சாதாரண டெலிபோன் குரல் ஜி.711, விநாடிக்கு 64 கிலோபிட். ஜி.729 அதையே 8 கிலோபிட்டுக்குள் அடைக்கும். பாலைச் சுண்டக் காய்ச்சுகிற மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள், காய்ச்சினால் ருசி ஏறும். இது ஏலக்காயையும் முந்திரியையும் எடுத்துவிட்டு இதுவும் பாயசம்தான் என்று கொடுப்பது. மெதுவான இணையத்துக்கு அது தேவைப்பட்ட காலம் ஒன்று உண்டு, ஸ்ட்ரீமிக்ஸ் என்ற பழைய இணையச் சேவை நாட்களில் நானே போட்டிருக்கிறேன். 2010இல் யூனிஃபை என்ற ஃபைபர் இணையம் வந்து (மேலே சொன்ன சீமென்ஸ் யூனிஃபை வேறு), இப்போது தாமானுக்குத் தாமான் ஃபைபர் ஓடும்போது ஒரு போன் பேச்சில் இந்தக் கஞ்சத்தனம் எதற்கு? மாற்றச் சொன்னேன், ஒரே நாளில் மாற்றிக் கொடுத்தார்கள், இதில் குறை சொல்ல முடியாது. இப்போது அத்தை எண்ணிக்கையைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துகிறார்: எட்டு கோசோங்கா, ஐந்து கோசோங்கா? கோசோங் என்றால் மலாயில் பூஜ்யம். தமிழ் தகராறு செய்கிற இடத்தில் மலாய் கைகொடுக்கிறது. பேச்சு பதிவாகிறது என்று தொடக்கத்திலேயே ஒரு வரி வருகிற மாதிரி வைத்திருக்கிறோம், ஊர்க்காரர்களிடம் திருட்டுத்தனம் வேண்டாமே.

அந்த ஒரு வரியைத் தவிர, பதிந்த குரலில் எண்ணை அழுத்தச் சொல்கிற ஆட்டோ அட்டெண்டண்ட் ஒரே வாரத்தில் தூக்கப்பட்டது. இன்றைய சாப்பாட்டுக்கு 1, நாளைய ஆர்டருக்கு 2, பலகாரத்துக்கு 3 என்று என் மனைவி குரலிலேயே பதிந்து வைத்திருந்தேன், குரல் நன்றாக இருந்ததுதான் வினை. எல்லாரும் அதனிடமே பேசத் தொடங்கிவிட்டார்கள். ஆமாம்மா, நாளைக்கு மூணு சாப்பாடு, ரசம் கொஞ்சம் கூட வை என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள், மறுநாள் சாப்பாடு வரவில்லை என்று கோபம். ஆபீஸ்களுக்கு இதை எத்தனை மாட்டியிருப்பேன், ஒருமுறையாவது மறுமுனையில் இருந்து கேட்டிருப்பேனா என்று யோசித்தால் இல்லை. போன மாதம் தம்பி அழைத்து, இப்போது ஏஐ ரிசெப்ஷனிஸ்ட் வந்திருக்கிறது அண்ணா, அதுவே ஆர்டர் எடுக்கும், தமிழும் பேசும் என்றான். போன வாரம் உப்பு தூக்கலாக இருந்ததுக்கு அது என்ன பதில் சொல்லும் என்று கேட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்றான், இன்னும் சொல்லவில்லை.

சமையலறைக் கைப்போனைப் பற்றி. ஏப்ரன் பையில் போட்டு ஒயர் ஹெட்செட் மாட்டிக்கொள்கிறாள், ஹெட்செட்டில் இருக்கும் ஒரே பட்டனை மணிக்கட்டால் அழுத்தினால் எடுத்துவிடுகிறது, மசாலாக் கைக்கு இதுதான் வேண்டும். இரைச்சலைக் குறைக்கிற வசதி இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருந்தது. எக்ஸாஸ்ட் விசிறியை நன்றாக விழுங்குகிறது, கடுகு வெடிப்பதையும் விழுங்குகிறது, ஆனால் கிரைண்டர் ஓடினால் அதோடு சேர்த்து அவள் குரலையும் விழுங்கிவிடுகிறது. பட்டன்களுக்கு நடுவே எண்ணெய்ப் பிசுக்கு ஏறி 5 நம்பர் ஒட்டிக்கொள்கிறது, வாரம் ஒருமுறை துணியால் துடைக்க வேண்டும். சோறு வடிக்கிற ஆவி பட்டுத் திரையின் உள்பக்கம் பனி படிந்தது, அரிசிப் பானை ஓரத்தில் வைத்தது எங்கள் தப்பு, ஒரு நாள் வெயிலில் வைத்ததும் தெளிந்துவிட்டது. இந்தத் தொழிலில் போன் வடிவமைக்கிற எவரும் மாவுக் கையோடு ஒருநாள் நின்றதில்லை என்பது என் தீர்ப்பு. எல்லாப் போனும் ஏசி அறையில் சுத்தமான விரலுக்காகச் செய்தவை.

ஆப் சுமார். வேன் ஓட்டும்போது நன்றாக இருக்கிறது, ஆனால் கைபேசி பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று அதைத் தூங்கவைத்துவிட்டால் மணியே அடிக்காது, அமைப்பில் போய் விலக்குக் கொடுக்க வேண்டும். செலாயாங் பாசாருக்குள் போனால் சிக்னல் திக்கும்.

விலையைப் பேசாமல் விட முடியாது. 78 வெள்ளி வருடத்துக்கு 936, பத்து வருடம் ஓட்டினால் 9,360. நான் பெட்டி மாட்டிய காலத்தில் சின்னக் கடைக்கு போன்களோடு இரண்டாயிரம் வெள்ளிக்குள் முடித்துக் கொடுப்பேன், பதினைந்து வருடம் ஓடும். மாவரைக்கிற கிரைண்டரை யாராவது மாத வாடகைக்கு எடுப்பார்களா? ஆனால் அந்தப் பெட்டியில் வேனில் இருக்கிற எனக்கு மணி அடிக்காது, எண்பதா ஐம்பதா என்று ராத்திரி கேட்க முடியாது, இப்போது புதிதாக வாங்கவும் கிடைக்காது. ஆகவே கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு இருபது சாப்பாட்டுக்குக் குறைவாகக் கட்டுகிறவர்கள் என்றால் இது வேண்டாம், கைபேசியும் வாட்ஸ்அப்பும் போதும், மிச்சக் காசில் நல்ல ஹெட்செட் வாங்குங்கள். வாங்குவதாக இருந்தால் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த கோடெக், எந்த நாட்டு மணி, ஒப்பந்தம் முடிந்தால் தானாகவே நீளுமா. முதல் இரண்டுக்கும் விற்பவர் முழித்தால் சப்போர்ட் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். மூன்றாவதை நான் கேட்க மறந்தேன், சின்ன எழுத்தில் இருந்தது, நீளுமாம்.

கடைசியாகக் கரண்ட் விஷயம். போன மாதம் ஒரு மழை நாளில் பதினொரு மணிக்குக் கரண்ட் போய், மோடம், ரௌட்டர், கேட்வே, மேசை போன் எல்லாம் ஒரே நொடியில் செத்தன. அத்தைக்கு நம்ப முடியவில்லை. கரண்ட் போனாலும் போன் போகாது என்று மாமா சொல்லி நாற்பது வருடம் கேட்டவர் அவர், அது உண்மையும்கூட, எக்ஸ்சேஞ்சில் பேட்டரி வரிசை இருக்கும், 48 வோல்ட் செப்புக் கம்பியிலேயே வீட்டுக்கு வந்துவிடும். ஃபைபரில் வெளிச்சம் மட்டும்தான் வரும், போனுக்கான கரண்டை நாம்தான் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டு ஸ்டோர் ரூம் சுவரில் ஒரு பழைய டிஇஎஸ்824 இன்னும் இருக்கிறது, மாடிக்கும் சமையலறைக்கும் இண்டர்காமாக. அத்தை மாடியிலிருந்து 101 அடித்துக் காப்பி கேட்பார். கரண்ட் போனால் அந்தப் பெட்டிக்கு ஒரு நல்ல பழக்கம், தான் சாகும் முன் முதல் லைனை நேராக முதல் போனோடு இணைத்துவிட்டுத்தான் சாகும், ஆபீஸில் ஒரு போனாவது வேலை செய்யட்டும் என்று. அன்றைக்கும் டக்கென்று ரிலே சத்தம் கேட்டது. அந்த லைனில்தான் இப்போது எதுவும் இல்லை.

மறுநாளே ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி மோடம், ரௌட்டர், கேட்வே, மேசை போன் நான்கையும் அதில் சொருகினேன். முக்கால் மணி நேரம் தாங்குகிறது. கேஸ் அடுப்புக்கு அதுவும் வேண்டாம், அன்றைக்கு நாற்பத்திரண்டு சாப்பாடும் நேரத்துக்குப் போய்விட்டது.